பதினொன்றாவது கேன்

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன சின்னவன் மூன்று நாளாக வீட்டுக்குள் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கலவைக் கொட்டகையிலேயே படுக்கை, அங்கேயே குளியல். மூன்று வேளையும் அண்ணி சாப்பாடு கொண்டுபோய் வைப்பாள். பாத்திரம் கழுவிச் சுத்தமாகத் திரும்பி வரும். ரோஷக்காரன்தான், ஆனால் சாப்பாட்டின் மேல் அவனுக்கு ஒரு கோபமும் இல்லை.

அண்ணி பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுப்பவள். மருமகளாக வந்து பதினாலு மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து மாமியார் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அந்த வீட்டுக்குச் சோறு போடுவது கொட்டகை. கேனில் வரும் கெட்டி அமிலத்தில் தண்ணீர் கலந்து, பத்தில் ஒரு பங்கு வீரியத்துக்கு இறக்கி, கறை நீக்கும் திரவமாக விற்கிறார்கள். கலப்பது சின்னவன். வண்டியில் ஏற்றிப் போய்க் கொடுத்து, வாடிக்கையாளர்களிடம் பேசுவது பெரியவன், அதாவது டீச்சரின் கணவன். முன்பெல்லாம் ஓட்டல்களுக்கு மட்டும்தான் போகும். ஐந்து மாதமாக ஒரு பால் தொழிற்சாலைக்கும் போகிறது, குழாய்களில் படியும் கறையை எடுக்க. ஓட்டல்காரர்கள் எதையும் சோதித்துப் பார்த்ததில்லை. தொழிற்சாலைக்காரர்கள் சோதித்தார்கள். 'உங்கள் சரக்கு ஒப்பந்த வீரியத்துக்குக் குறைவாக இருக்கிறது' என்று போன வாரம் கடிதம் வந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் பெரியவன் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "திருடன் வெளியில இல்ல, நம்ம கூட உக்காந்து சாப்பிடறான்" என்றான். சின்னவனின் நண்பன் ஒருவன் டைல்ஸ் கழுவும் வேலை செய்கிறவன், கொட்டகைக்கு அடிக்கடி வந்து போகிறவன். கெட்டி அமிலத்தை அவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, குறைந்ததைத் தண்ணீரால் நிரப்புகிறான் என்பது பெரியவன் வைத்த குற்றம். சின்னவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டைத் தள்ளினான், எழுந்தான், போனான்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தொழிற்சாலையின் தர அதிகாரி நேரில் வருகிறார்.

"அவர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று காலையில் டீச்சர் கேட்டாள்.

"தப்புப் பண்ணினவனைக் கண்டுபிடிச்சு, வேலையிலிருந்து நிறுத்தி, வீட்டை விட்டும் அனுப்பிட்டோம்னு சொல்வேன். வேற என்ன சொல்றது? ஒப்பந்தம் போயிடுமே."

"அவன் உங்க தம்பிங்க."

"தம்பின்னா சும்மா விட்டுடறதா? தன் வினை தன்னைச் சுடும்." கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டே சொன்னான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் தம்பிக்குப் பைக் ஓட்டக் கற்றுக் கொடுத்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்ன மனுஷன்தான் இவன். பைக் சைலன்சர் காலைச் சுட்டுவிட்டது என்று வந்து நின்ற நாளிலிருந்து, ஒரு மாதமாகவே ஆள் சரியில்லை. எதைக் கேட்டாலும் வெடுக்கென்று ஒரு பதில். டீச்சருக்கு மனசு கனத்தது. பேச்சை மாற்றுவோமென்று, "அதிகாரி வரும்போது அந்தப் பழுப்பு பேன்ட்டைப் போட்டுக்கோங்க, உங்களுக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

"அது கிழிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"எப்ப கிழிஞ்சுது?"

"பேன்ட்டுக்கெல்லாமா விசாரணை வைப்பே?" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் கொட்டகைக்குப் போனாள். வாசலோடு நின்றாள். உள்ளே போக அவளுக்கு அனுமதி இல்லை, அது மாமியார் போட்ட சட்டம். மாமனார் உயிரோடு இருந்தபோது ஒருநாள் அவசரத்தில் அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டார். அது கொதித்துச் சிதறி அவருடைய ஒரு கண்ணைக் கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து கொட்டகைக் காரியம் மாமியார் கைக்கு வந்தது. முதலில் தண்ணீர், பிறகுதான் அமிலம். கையுறை, மேலங்கி, கண்ணாடி இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. கலக்கிறவனைத் தவிர வேறு ஒருவரும் நிற்கக்கூடாது. 'இனிமே இந்த வீட்டு ஆள் மேல ஒரு சொட்டு பட்டாலும் அன்னிக்கே கொட்டகைக்குப் பூட்டு' என்று அவள் சொன்னதை அந்த வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

"தம்பி, ஒவ்வொரு லோடிலயும் ஒரு மாதிரி பாட்டில் எடுத்து வைப்பேல்ல? பால் கம்பெனிக்குப் போனதுல அஞ்சும் வேணும். புதுக் கேன்லேருந்து கெட்டி அமிலமும் ஒரு சின்ன பாட்டில்ல வேணும்."

சின்னவன் கொண்டு வந்து கொடுத்தான். மூன்று நாள் தாடி. "நீங்களும் என்னைச் சோதிக்கிறீங்களா அண்ணி?"

"உன்னை இல்ல. இந்தத் தண்ணியை."

"மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்துக்கோங்க. சாய்க்காம கொண்டு போங்க." திருடன் என்று பட்டம் வாங்கியவன் பேசுகிற பேச்சா இது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்துக்கொண்டு அதிகாரியிடம் பேச முடியாது.

மதியத்துக்கு முன் இரண்டு வகுப்பு நேரம் அவளுக்கு ஓய்வு. பள்ளி ஆய்வகத்தில் ஜன்னலோர மேஜையைப் பிடித்தாள்.

கணக்கு என்றால் கொட்டாவி விடுகிறவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். கஷ்டமான கணக்கு இல்லை, ஆனால் ஒரு மனுஷனின் மானம் இதில்தான் தொங்குகிறது.

முதலில் கெட்டி அமிலத்தை எடுத்து, பத்தில் ஒரு பங்கு வீரியத்துக்குத் தானே சரியாகக் கலந்தாள். இதுதான் அளவுகோல். இதையும் ஐந்து பாட்டிலையும் ஒரே மாதிரி சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு எடுத்து, நிறம் காட்டும் சொட்டு மருந்தைப் போட்டு, மேலே பியூரெட் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் முழுக்கத் தீர்ந்துபோகிற அந்த நொடியில் குடுவை ரோஜா நிறமாகும். எவ்வளவு காரம் செலவானதோ அவ்வளவு அமிலம் உள்ளே இருந்தது என்று அர்த்தம்.

அவளே கலந்த சரியான கலவைக்கு இருபது மில்லி செலவானது.

முதல் பாட்டிலுக்குப் பதினெட்டு புள்ளி இரண்டு.

டீச்சர் குனிந்து குழாயின் அளவை மறுபடியும் பார்த்தாள். கடிதம் சொன்னது உண்மைதான், சரக்கு குறைவுதான். இரண்டாவது பாட்டிலை எடுத்தாள். பதினெட்டு புள்ளி இரண்டு. மூன்றாவதும் அதே. நான்காவதைச் சோதிக்கும்போது அவளுடைய பயம் ஆச்சரியமாக மாறிவிட்டிருந்தது. பதினெட்டு புள்ளி இரண்டு.

நாலு மாதம், நாலு லோடு, நாலு தடவையும் ஒரே குறைவு. ஊற்றிக் கொடுக்கிறவன் ஒருநாள் அரைக் கேன் கொடுப்பான், ஒருநாள் ஒரு லிட்டர் கொடுப்பான், ஒருநாள் பயந்துபோய்க் கொடுக்காமலே இருப்பான். திருட்டுக் கை இப்படி அளவு பிசகாமல் எடுக்காது.

கரும்பலகை ஓரத்தில் இருபதைப் பதினெட்டு புள்ளி இரண்டால் வகுத்தாள். ஒன்று புள்ளி ஒன்று வந்தது. அதாவது பத்து லிட்டராக இருக்க வேண்டியது ஒவ்வொரு தடவையும் பதினொரு லிட்டராகியிருக்கிறது.

பதினொன்று.

அந்த எண்ணை அவள் தினமும் பார்க்கிறாள். கொட்டகை வாசலில் வரிசையாக நிற்கும் கேன்கள். பத்துக் கேன் விற்பனைக்கு, ஒரு கேன் கொசுறு. மாமியாருக்கு அந்தக் கொசுறில் அப்படியொரு பெருமை. 'எங்க பீப்பாய்ல எப்பவும் ஒரு கேன் மிச்சம் நிக்கும். அதை நாங்க வெச்சுக்க மாட்டோம், வாங்கறவங்களுக்கே குடுத்துடுவோம்' என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னவள்.

சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு டீச்சர் தனியாகச் சிரித்தாள். பிறகு ஐந்தாவது பாட்டில் மீதமிருப்பது நினைவுக்கு வந்தது. அதுவும் இப்படித்தான் வரப்போகிறது என்ற நிம்மதியோடு குழாயைத் திறந்தாள்.

பதினாலு புள்ளி எட்டிலேயே குடுவை சிவந்துவிட்டது.

தன் கைதான் தவறிவிட்டது என்று நினைத்துத் திரும்பச் செய்தாள். மறுபடியும் பதினாலு புள்ளி எட்டு. மூன்றாவது முறையும் அதேதான். பாட்டிலைத் திருப்பி அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். மற்ற நாலு சீட்டிலும் சின்னவனின் குண்டு குண்டான எழுத்து. இதில் தேதி வேறு எழுத்தில் இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து. அந்தத் தேதி, போன மாதம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்த நாள். அவள் அங்கே இருந்த மூன்று நாளும் சின்னவன்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தான். இங்கே லோடு போக வேண்டியிருந்ததால் அதை டீச்சரின் கணவனே கலந்து ஏற்றினான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நாலு பாட்டில் கூடையில் இருந்தன. ஐந்தாவது அவளுடைய கைப்பையின் அடியில், கைக்குட்டைக்குக் கீழே இருந்தது. எதற்காக அதைத் தனியாக வைத்தோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

வந்து சேர்ந்தபோது மணி மூன்று. மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சின்னவன் காலிக் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீ எப்படிக் கலப்பேன்னு ஒண்ணு விடாம சொல்லு."

"அம்மா சொல்லிக் குடுத்த மாதிரிதான் அண்ணி. பீப்பாய்ல அப்பா போட்ட சிவப்புக் கோடு இருக்கில்ல, அதுவரைக்கும் தண்ணி. இருநூறு லிட்டர். அப்புறம் மேலங்கி, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு, ஒரு கேன் அமிலம் இருபது லிட்டரை மெதுவா விடுவேன்."

"விட்டப்புறம் தண்ணி எங்க நிக்கும்?"

"கோட்டுக்கு மேல. நாலு விரக்கடை."

"அத்தை, மாமா கலக்கும்போது எங்க நிக்கும்?"

மாமியார் பீப்பாய் பக்கம் திரும்பினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எல்லாம் சேர்ந்து கடைசியா எங்க வந்து நிக்கணுமோ, அங்கதான் மாமா கோடு போட்டிருக்கார். ஒன்பது கேன் தண்ணி, ஒரு கேன் அமிலம். மொத்தம் பத்து கேன். அப்பத்தான் பத்தில் ஒரு பங்கு. நீங்க தண்ணிதான் முதல்லன்னு சட்டம் போட்டீங்க, அது ரொம்பச் சரி. ஆனா கோடு வரைக்கும் வெறும் தண்ணியையே ரொப்பிட்டீங்க. பத்து கேன் தண்ணி, ஒரு கேன் அமிலம். பத்து கேன்ல இருக்க வேண்டிய வீரியம் பதினொண்ணுல பரவிப் போச்சு."

கேன் எண்ணியே காலம் கழித்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப நான் குடுத்த கொசுறு?"

"கொசுறு இல்ல அத்தை. அவங்க சரக்குதான், பதினொரு கேன்ல அவங்களுக்கே போயிருக்கு. அமிலம் ஒரு சொட்டுகூட நம்மகிட்ட நிக்கல. யாரையும் நாம ஏமாத்தல."

"ஏமாத்தலைன்னாலும் தப்புத் தப்புதானே." மாமியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஆபரேஷன் செய்த கண்ணை அழுத்தாமல், பக்கத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். "கோட்டைப் பாத்தேன். அது எதுக்குப் போட்ட கோடுன்னு அந்த மனுஷனைக் கேக்கல. கண்ணு போன ஆள்கிட்ட அதைப் பத்திப் பேசவே எனக்கு மனசு வரல. டேய் சின்னவனே, இங்க வா."

அவன் ஈரக் கையோடு வந்து நின்றான்.

"உன்னைத் திருடன்னு சொன்னப்ப நான் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். தப்பு என் கையிலதான்டா இருந்திருக்கு. அதிகாரி வரட்டும், நானே சொல்றேன்."

மூன்று நாளாக இறுகியிருந்த சின்னவனின் முகம் அப்படியே உடைந்தது. தாடியைத் தடவிக்கொண்டு திரும்பி நின்றான். "அதனால என்னம்மா" என்று மட்டும் சொன்னான். டீச்சருக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் மடியில் இருந்த கைப்பை கனத்தது.

மூன்றரை மணிக்குப் பெரியவன் வந்தான். மாமியாரே எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். கொட்டகை வாசலில் கிடந்த மேஜை மேல் வரிசையாக இருந்த நாலு பாட்டிலையும் அவன் பார்த்தான். எண்ணுகிற மாதிரிப் பார்த்தான்.

"சரி, கோடுதான் காரணம். விஷயம் முடிஞ்சுது" என்றான்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

"என்ன சொல்லணும்? கடைசி லோடுதான் ரொம்ப மோசம்னு அதிகாரி போன்ல சொன்னார். அதுக்கும் கோடா காரணம்? இவன் ஜாக்கிரதையா இருந்திருந்தா அது நடந்திருக்குமா? அதுக்கு இவன்தான் பதில் சொல்லணும்."

அதுவரைக்கும் டீச்சர் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை. கணவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தக்கூடாது, ராத்திரி தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். இப்போது சின்னவனைப் பார்த்தாள். அந்த லோடு போன அன்று தான் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். அண்ணனையே பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றான். மூன்று நாளும் ஏன் இவன் வாயைத் திறக்கவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

கைப்பையிலிருந்து ஐந்தாவது பாட்டிலை எடுத்து, சீட்டு கணவன் பக்கம் தெரியும்படி மேஜையில் வைத்தாள்.

"இதுல கேன்ல இருக்கற இருபது லிட்டர்ல பதினாறுதான் விழுந்திருக்கு. மூணு தடவை சோதிச்சேன். நாலு லிட்டர் எங்கே போச்சுங்க?"

பெரியவன் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன மாசம் பைக் சைலன்சர் சுட்டுடுச்சுன்னு சொன்னீங்க. பதினஞ்சு நாள் நான்தான் மருந்து போட்டேன். அன்னிக்கு நீங்க போட்டிருந்த பழுப்பு பேன்ட்டை அப்புறம் நான் பாக்கவே இல்ல." அவள் அவன் காலைப் பார்த்தாள். "முழங்காலுக்குக் கீழ இருக்கறது சைலன்சர் காயமா?"

அவன் பாட்டிலை ஓரமாக நகர்த்தி வைத்தான். பிறகு குனிந்து, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினான். திருடிப் பிடிபட்டவன் மாதிரி இல்லை, மூட்டையை இறக்கி வைக்கிறவன் மாதிரிச் சுருட்டினான்.

"கேன் வழுக்கிடுச்சு. தரையெல்லாம் கொட்டிடுச்சு, மேலயும் பட்டுடுச்சு. குழாய்க்குக் கீழ அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அம்மா ஆஸ்பத்திரியில கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்காங்க. சொன்னா அன்னிக்கே பூட்டுதான். நாம எல்லாரும் எங்க போறது? இருந்ததை ஊத்தி அனுப்பிட்டேன். கடிதம் வந்ததும் பயந்துட்டேன். வாயில முதல்ல வந்தது அவன் பேர்தான்."

"மேலங்கி போட்டியாடா?" என்றாள் மாமியார்.

"போடல."

"கொட்டகையில உன் செருப்பு வெந்து கிடந்துது அண்ணா" என்றான் சின்னவன். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே பாத்துட்டேன். நீயே சொல்வேன்னு இருந்தேன்."

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தாள். பெரிய மகனின் முன்னால் மெல்ல மண்டியிட்டு, தழும்பைச் சுற்றி விரலால் தடவினாள். தொட்டால் இன்னும் வலிக்குமோ என்பதுபோல ஓரமாகவே தடவினாள். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொட்டகைக் கதவில் தொங்கிக்கொண்டிருந்த பெரிய பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

தெருவாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதிகாரி சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"நான் போய்ப் பேசறேன். ரெண்டு தப்பையும் சொல்லிடறேன்" என்று மாமியார் நடந்தாள். பூட்டை அவள் கீழே வைக்கவில்லை.

பேன்ட்டை இறக்கிவிடக்கூட மறந்து நின்றிருந்த பெரியவன், தம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவனுடைய ஈரக் கையைப் பார்த்தான்.

"டேய்… உள்ள வந்து சாப்பிடுடா."

சின்னவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான். பூட்டோடு போகிற அம்மாவையே பார்த்துக்கொண்டு, அண்ணன் உட்காருவதற்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான்.